இரண்டு கதவுகள்

மாலை ஐந்து மணிக்குள் வரிசைப் பட்டியலை அனுப்பியாக வேண்டும். எலும்பு அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு. கைவசம் இரண்டே மருத்துவமனைகள். எதை முதலில் போடுகிறேனோ, அநேகமாக அங்கேதான் மூன்று வருடம்.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "பெரிய ஆஸ்பத்திரி. பேரைச் சொன்னாலே போதும்டி. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இருந்தது. நேர்காணலுக்குப் போகும் இடத்திலெல்லாம் டூட்டி அறை, கழிப்பறை, உடை மாற்றும் அறை மூன்றையும் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. தலைமை மருத்துவர்கள் பொய் சொல்வார்கள், தாழ்ப்பாள் சொல்லாது.

பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், "இங்க ஆணு பொண்ணுங்கற வித்தியாசமே கிடையாதும்மா" என்று சிரித்தார். மாடியேறிப் பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உடை மாற்றும் அறைகளுக்கு இரண்டு கதவுகள். ஒன்றில் 'டாக்டர்கள்', மற்றதில் 'நர்ஸ்கள்'. அந்தத் துறையின் ஒரே பெண் டாக்டர், மூன்றாம் வருட அக்கா, தொப்பியைக் கட்டிக்கொண்டே நர்ஸ்கள் கதவிலிருந்து வந்தார்.

"அந்தப் பக்கம் எல்லாம் ஆம்பளைங்க, நான் எப்படிப் போறது? நர்ஸுங்க தங்கமானவங்க, அலமாரிகூடக் குடுத்திருக்காங்க. ஆனா எந்த கேஸ் யாருக்குன்னு தலைமை டாக்டர் அங்க சட்டை மாத்தும்போதே சொல்லி முடிச்சிடுவாரு. நான் வர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும்."

"அப்ப உங்களுக்கு?"

"நோயாளி காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். இந்த வருஷம் நானே செஞ்சது நாலு. என்கூடச் சேர்ந்தவன் முப்பதைத் தாண்டிட்டான்."



இன்னொன்று சின்ன ஆஸ்பத்திரி. பக்கத்துத் தெருக்காரனுக்கே வழி தெரியாது. அங்கே யாருக்கு எந்த கேஸ் என்பதை முந்தின நாளே வெள்ளைப் பலகையில் எழுதி வராந்தாவில் மாட்டிவிடுகிறார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி டாக்டர் ஒருத்தியின் பெயரும் அதில் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதென்று, நடுவே எக்ஸ்ரே எடுக்கும் கேஸ்கள் மட்டும் அவளுக்கு இல்லை, மற்றபடி சரிபங்கு.

நாலேகாலுக்கு இதையெல்லாம் அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். சண்டைக்கு வருவாள் என்று வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கிளார்க். கிளார்க்காகவே ஓய்வு பெற்றவள்.

"எங்க ஆபீஸ்ல சிகரெட் பிடிக்கற மாடிப்படி ஒண்ணு உண்டு. அடுத்த மேனேஜர் யாருன்னு அங்கதான் முடிவாகும். நான் ஒழுங்கா வேலை பாத்தா தானா கூப்பிடுவாங்கன்னு சீட்லயே உக்காந்திருந்தேன். மடச்சி."

அம்மா தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. மணி ஆகுது. எதை மேல போடணும், காட்டு."

காட்டினேன். சின்ன ஆஸ்பத்திரியை முதலிடத்துக்கு இழுத்தது அம்மாவின் விரல். அனுப்பும் பொத்தானை நான் அழுத்தினேன்.

"அக்கம்பக்கத்துல கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டா, உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுவேன். எம் பொண்ணு எத்தனை எலும்பைச் சேத்து வெச்சான்னு கேக்கட்டும், அப்ப உக்காந்து சொல்றேன்."