ஆம்பளை வளர்த்த பிள்ளை

என் வீட்டுக்காரரை நான் சந்தேகப்பட்டேன். வேறு பெண்பிள்ளை விஷயத்தில் இல்லை. அப்படியிருந்தால் ஒரு சண்டையில் தீர்த்திருப்பேன். என் எட்டு மாதக் குழந்தைக்கு அவர் அபின் கொடுக்கிறாரோ என்றுதான். தங்கள் வேலை கெடாமல் இருக்க, கடுகளவு அபினைப் பிள்ளை நாக்கில் தடவித் தூங்கவைக்கிறவர்கள் எங்கள் மில் லைன் வீடுகளில் இருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் மில்லில் ஆள் குறைத்தபோது அவரை நிறுத்திவிட்டு, நூல் சுற்றும் வேலைக்கு என்னை எடுத்தார்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு, அதுதான் காரணம். நஞ்சுண்டன் என்கிற அந்த மனிதர் அடுப்பு ஊதினார், கால் நீட்டி உட்கார்ந்து குழந்தை சாந்தாமணியைக் குளிப்பாட்டினார், துணி அலசினார். லைன் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில் சங்கு ஊதி நான் வீடு வந்தால் குழந்தை எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். பெற்றவள் என்னாலேயே அத்தனை சுலபமாகத் தூங்கவைக்க முடியாதே, இவரால் எப்படி?

ஒருநாள் குழந்தையின் உதட்டோரம் கறுப்பாக ஒரு தீற்றல்.

"ஏனுங்க, இது என்னுங்க?"

"வசம்பு, புள்ள. வயிறு உப்பிக் கெடந்துது. சுட்டு ஒரசிக் குடுத்துப்போட்டேன்."

"அதெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

"பாத்துப் பழகறதுதான்."

பாத்துப் பழகினாராம்! அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பானை, உறி, சட்டைப்பை எல்லாம் துழாவினேன். கருகிய வசம்புத் துண்டு ஒன்றுதான் கிடைத்தது. அதற்கும் மனசு ஆறவில்லை. அபினை வேறெங்கோ ஒளித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன். அங்கே தொட்டில் கொட்டகை உண்டு. பத்துப் பதினைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சின்னத்தாயி என்று ஓர் ஆயா.

"அங்க வேண்டாம், புள்ள," என்று வாசல்வரை வந்தார். "அந்தக் கொட்டாயில கொழந்தைக அழுகற சத்தமே கேக்கறதில்ல. எனக்கு என்னமோ சரியாப் படல."

"பொம்பள கையில இருந்தாத்தானுங்க புள்ள புள்ளையா வளரும். நீங்க பேசாம ஊட்டுல இருங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அது குற்றமுள்ள முகமாகத்தான் தெரிந்தது.

மத்தியானம் பால் கொடுக்கப் போனேன். சாந்தாமணி கண் திறக்கவில்லை. "நல்லாத் தூங்கறா, அம்மணி. எழுப்பாதீங்க," என்றாள் சின்னத்தாயி. அவள் சுட்டுவிரல் நகத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது. வசம்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் கண் அவிந்துபோக!

சாயங்காலம் பெருமையோடு குழந்தையை அவர் மடியில் போட்டேன். அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார், வாயை மோந்தார், உள்ளங்காலில் சுண்டினார். குழந்தை அசையவில்லை. மூச்சு விட்டு விட்டு வந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி இரண்டு மைல். "கோணியம்மா, எம் புள்ளையைக் குடுத்துரு தாயே" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

வயிற்றைக் கழுவினார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாந்தாமணி வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரோ அபின் குடுத்திருக்காங்க. குழந்தையை யார் பாத்துக்கறது?"

கொட்டகையைப் பற்றிச் சொன்னால் என் வேலை போகும், எங்கள் அடுப்பு அணையும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"நாந்தானுங்க," என்றார் அவர்.

டாக்டருக்கு வந்ததே கோபம். "ஆம்பளை கையில புள்ளையை விட்டா இதுதான் நடக்கும். இனிமே இவன்கிட்டக் குடுக்காதேம்மா!"

லைன் முழுக்கப் பயப்படுகிற வாய் என்னுடையது. அவர் தலை குனிந்து நின்றார். நான் டாக்டரைப் பார்த்து, "சரிங்க," என்றேன்.