யேசுதாசனின் கடற்கரை விடுமுறை

2022 ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலே இல்லாத நாட்டில் துன் ஏரியின் வடகரையில் நூற்றிருபது மீட்டர் நீளத்துக்குக் கடல் வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஏரி ஏரியாகவே கிடந்தது. நடுவில் மட்டும் உப்புத் தண்ணீர், அலை, வெள்ளை மணல், கரையேறிய நண்டுகள். நகரசபையிலிருந்து இருவர் வந்து போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். மூன்றாம் நாள், குளிக்கலாம், குடிக்கக் கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள்.

கரைக்கு எதிரே இருந்த விடுமுறை வீட்டைத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு கிழமைக்கு எடுத்திருந்தவள் பிரபாலினி. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினாறு வருடமாகச் சமைப்பவள். அவள் அழைத்து வந்திருந்தவர்கள் பேர்ணில் இருந்த யேசுதாசனும் அவர் மனைவி மேர்சியும். பழைய சிநேகிதர்கள். யேசுதாசன் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2010இல் பிரபாலினியின் தம்பி கோபிசனை விசாரித்தபோதும் நடுவில் இருந்தவர் அவர்தான். மனு நிராகரிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட கோபிசனை, ஊர் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு யாரும் காணவில்லை. அப்போது யேசுதாசன் வீடு தேடி வந்து ஆறுதல் சொன்னார். தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். பன்னிரண்டு வருடம் பிரபாலினி அந்த நன்றியோடு அவருக்கு நண்டு சமைத்துப் போட்டாள்.

2022 சித்திரையில் தம்பியின் விசாரணைக் கோப்பு அவள் கைக்கு வந்தது. சட்டம் படித்த ரிஷானி என்ற பெண் அதைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னாள். போர் முடிந்த கிழமை, மூன்று நாள் கடற்கரையில் பிணங்களோடு கிடந்ததாகக் கோபிசன் சொல்லியிருந்தான். விசாரணை முடிந்த அன்றே அதைத் தமக்கையிடமும் சொன்னவன். கோப்பிலோ, போர்க்காலத்தில் மூன்று நாள் கடற்கரையில் விடுமுறை கழித்ததாக டொச் மொழியில் இருந்தது. மனுவை நிராகரித்ததும் அதை வைத்துத்தான். எழுதியதை அவனுக்குத் திருப்பி வாசித்துக் காட்டியவரும் யேசுதாசன்தான். கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. பிரபாலினி சண்டைக்குப் போகவில்லை. ஏரிக்கரையில் வீடு எடுத்தாள். திங்கட்கிழமை பின்னேரம் மற்ற இருவரும் நடக்கப் போனபோது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, தம்பி சொன்னதைச் சொல் தவறாமல் தமிழில் ஏரிக்குச் சொன்னாள். மறுநாள் கடல் வந்தது.

விடுமுறை நன்றாகவே போனது. காலையில் மூவரும் ஈர மணலில் நடந்தார்கள். மத்தியானம் நண்டுக் கறி, றால் பொரியல், புட்டு. இப்படி ஒரு சாப்பாடு ஊரிலும் சாப்பிட்டதில்லை என்று யேசுதாசன் விரலைச் சூப்பினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்ப மேர்சி காரை எடுத்தாள். முதல் வளைவு தாண்டியதும் பக்கத்து இருக்கையில் ஈர மணல் மட்டும் இருந்தது. யேசுதாசன் கரையில் செருப்போடு நின்றார். மூன்று தரம் ஏற்றிப் பார்த்தாள். பஸ்ஸும் பொலிஸ் படகும் அவரை அதே மணலிலேயே இறக்கிவிட்டன.

“இது ஏன் எண்டு உமக்குத் தெரியுமோ, பிரபா?” என்று அவர் கேட்டார்.

“ஓம் அண்ணை. உங்கடை விடுமுறை இன்னும் முடியேல்லை.”

கோப்பின் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“அவன் அழுதழுது கதைச்சவன். எனக்கு வடிவா விளங்கேல்லை. திருப்பிக் கேட்டா ரயிலை விட்டிடுவன் எண்டு... கடற்கரை எண்டது மட்டும் கேட்டது. வாசிச்சுக் காட்டேக்கையும் அந்த இடத்தை அவசரமாத் தாண்டிப் போட்டன்.”

ஏதோ பழைய பகை இருக்கும் என்றுதான் பிரபாலினி நினைத்திருந்தாள். பகை என்றால் ஒருவேளை ஆறியிருப்பாள். ஒரு ரயில் என்று கேட்டதும் அவளுக்குள் ஏதோ கல்லாகிப் போனது. பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட மேர்சி, காரில் ஏறித் தனியாகப் பேர்ணுக்குப் போனாள்.

யேசுதாசன் பிழையை ஒப்புக்கொண்டு அகதி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். குறிப்பு திருத்தப்பட்டது, நன்றி, கோப்பு ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. கடல் போகவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் அவரை வெளியேற்றப் பார்த்துத் தோற்று, வீட்டை அவருக்கே விட்டுவிட்டார். மேர்சி முதலில் ஞாயிறுதோறும் வந்தாள், பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அங்கேதான் நீச்சல் பழக்குகிறார்கள். மாரியில் மலையெல்லாம் பனி மூடும்போதும் அந்த மணல் சுடும். வெயிலில் கறுத்துப்போன கிழவருக்கு எல்லோரும் கை காட்டுவார்கள்.

பிரபாலினி சனிக்கிழமைதோறும் சாப்பாடு கொண்டு போகிறாள். நல்ல சாப்பாடு, ஒரு குறையும் வைப்பதில்லை. அவர் சாப்பிட்டு முடியும்வரை எதிரே இருந்து பார்ப்பாள். போன வைகாசியில் அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “பிரபா, தம்பி அண்டைக்கு என்ன சொன்னவன்? ஒருக்கா முழுசாச் சொல்லும். நான் கேக்கிறன்” என்றார்.

“நீங்கள்தானே அண்ணை பக்கத்திலை இருந்தனீங்கள்.”

அவள் நண்டுக் கறியை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் சாப்பிட்டார். நாலரை மணி பஸ் வந்தது. அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ஏறினாள்.