அப்பா திரும்பி வந்த படம்

விளக்கு போட்டதும் தமிழ்வாணன் சீட்டின் மேல் ஏறி நின்று, "கொன்னுட்டானுங்க மச்சான், புக்க கொன்னு பொதச்சிட்டானுங்க!" என்று கத்தினான். செங்கல்பட்டில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு, ஒரு ஜப்பான் அனிமே படத்துக்கு அரை தியேட்டர் நிறைந்ததே பெரிய விஷயம். அதில் பாதி பொத்தேரிக் காலேஜ் பிள்ளைகள், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்கள் எல்லோரும் அவனோடு சேர்ந்து ஊளையிட்டார்கள். மீதிப் பேர் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பா அம்மாக்கள். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூப்பரா இருந்துச்சில்ல?" என்றபடி காலுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. ஜெயப்பிரியா வந்து என் தோளைத் தட்டி, "இன்னாடி அர்வா, காலு மரத்துப் போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். காலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

படத்துக்கு மூலம் 'உப்புக் கூடை', ஏழு புத்தகமாக வந்த மங்கா, ஜப்பான்காரர்களின் படக்கதை. சிஹோ என்று ஒரு மீனவர் வீட்டுப் பெண். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பன் ஒரு நாள் கிளம்பிப் போகிறான். போனவன் போனவன்தான். அம்மாவும் மகளும் உப்பு மீன் விற்றுப் பிழைக்கிறார்கள். ஏழாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் வெள்ளை. அவன் வரவே இல்லை என்று அர்த்தமாம். வெள்ளைப் பக்கத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள முடியாது என்பதால்தான் எங்கள் கூட்டத்தில் யாரும் குத்திக்கொள்ளவில்லை, அவ்வளவு பைத்தியம். ஹாஸ்டலில் நானும் ஜெயப்பிரியாவும் ஒரே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அவள் போனில்தான் அதைப் படித்தோம். அவள் வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவோடு தினமும் போனில் சண்டை போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவாள். அந்த வெள்ளைப் பக்கம் வந்தபோது அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்கு அப்பா வராத கதை எவ்வளவு ருசியாக இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் அவன் திரும்பி வந்துவிடுகிறான். அதுதான் ரகளைக்குக் காரணம். ஒரு மழை நாளில் வாசலில் வந்து நிற்கிறான். சிஹோவின் அம்மா துண்டை எடுத்து நீட்டுகிறாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான். இத்தனை வருஷம் எங்கே இருந்தான் என்று அவள் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, படமும் சொல்வதில்லை. சிஹோ மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதோடு படம் முடிந்தது.

எங்களுக்கு ஒரு விமர்சன சேனல் உண்டு. தமிழ்வாணன் பேசுவான், ஜெயப்பிரியா எடிட் செய்வாள், நான் எப்போதாவது முகம் காட்டுவேன். மறைமலைநகரில் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. மற்ற சேனல்களைப் போல வீட்டுக்குப் போய் யோசித்து, விளக்கு வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. தியேட்டரை விட்டு வந்ததும் எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போவோம். டீ வரும்வரை யாரும் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முதல் வாய் டீ உள்ளே போனதும் கேமரா ஓடும். அப்போது வாயில் என்ன வருகிறதோ அதுதான் விமர்சனம். திரும்ப எடுப்பது கிடையாது, வெட்டுவதும் கிடையாது. விதியை எழுதிக் கொடுத்த மகராசி நான்தான்.

அன்றைக்கும் டீ வந்தது. தமிழ்வாணன் டம்ளரை வைத்ததும் ஆரம்பித்தான்: "அழுவாச்சி பார்ட்டிங்களுக்கு எடுத்த படம் மச்சான். இத்தினி வருசமா ஒருத்தன் ஆளையே காணும், திடீர்னு வந்து வூட்டுக்குள்ள குந்திக்கினான். எங்க போய்க்கீறான், இன்னா பண்ணிகினு இருந்தான், ஒண்ணும் காட்டல. ஒருத்தராவது கேக்க வேணாமா? அம்மாக்காரி துண்டு குடுக்கறா! அது ஸ்கிரிப்டா? லாஜிக்ல லாரியே போற மாதிரி ஓட்டை."

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! "ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்படித்தான் இருக்கும்" என்றேன். "எங்க அத்தா நான் ஆறாவது படிக்கறப்போ போனாரு. நான் வேலைக்குச் சேந்த வருசம் வந்தாரு. எங்க இருந்தீங்கன்னு எங்க வூட்ல ஒருத்தரும் கேக்கல. எங்கம்மா மீன் வறுத்துப் போட்டாங்க. இத ஹேப்பி எண்டிங்னு சொல்றவன் எவனா இருந்தாலும் எங்க வூட்டுக்கு வந்து ஒரு நாளு தங்கிட்டுப் போவட்டும்."

 தமிழ்வாணன் டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான். ஜெயப்பிரியா கேமராவை நிறுத்தியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய், அத மட்டும் எடுத்துடுடி" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "எடுத்துடறேன்" என்றாள். தமிழ்வாணனும் தலையை ஆட்டினான்.

எங்கள் ஊர் கடப்பாக்கத்தில், அத்தாவைப் பற்றி எங்கள் தெருவுக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. கிஃபாயத்துல்லா பாய் ஜித்தாவில் வேலைக்குப் போனார், அரபி முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டான், பாவம் மாட்டிக்கொண்டார், அல்லா கிருபையால் வந்துவிட்டார். தெருவுக்கும் உண்மை தெரியும், தெருவுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். அவர் ஜித்தாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு பேக்கரி, பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு வீடு, அந்த வீட்டில் அவரோடு ஒரு அம்மா, ஒரு பையன். கடல் தாண்டிப் போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்! அங்கே என்ன நடந்ததோ, ஒரு மத்தியானம் ஒரு பையோடு வந்து இறங்கினார். இப்போது பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறார். கல்யாணப் பஞ்சாயத்துகளுக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. 'உங்களை விட்டுட்டுப் போனேன்' என்று ஒரே ஒரு தடவை, அவர் வாயால், என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வீடியோ வந்தது. வெட்டவில்லை. அதுமட்டுமா, முகப்புப் படமே நான்தான். வாயைத் திறந்தபடி என் முகம், பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் 'எங்க அத்தாவும் வந்தார்!' ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்தேன்.

"சொன்னியேடி, எடுத்துடறேன்னு."

"எடுக்கத்தான் ஒக்காந்தேன் அர்வா. ஆனா அந்த வீடியோவுலயே அதான்டி நெஜம். மத்ததெல்லாம் வெறும் கத்தல். நாம எதயும் வெட்டறதில்லன்னு நீதான சொல்லுவ?"

"அது படத்துக்கு."

"நல்லாத்தான் போவுது. கமெண்ட்ஸ் பாரு, நெறைய பேரு உனக்கு சப்போர்ட்டு."

எங்கள் வீட்டு மானம் நல்லாத்தான் போகுதாம். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. ஒரே கட்டிலில் கிடந்து படித்தவள்.

கமெண்ட்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் படத்தைப் பற்றித்தான் அடித்துக்கொண்டார்கள். மங்கா படிக்காதவர்கள் பேச வராதீர்கள் என்று ஒருவன், புத்தகத்தைப் படித்தவனெல்லாம் பெரிய புத்திசாலியா என்று இன்னொருவன், பின்னணி இசைக்காக மட்டும் பார்க்கலாம் என்று ஒரு நடுநிலைவாதி. கொஞ்சம் கீழே போனால் படத்தை விட்டுவிட்டு என் வீட்டுக்குள் நுழைந்திருந்தார்கள். 'படத்தை விட இந்த சிஸ்டர் கதை செம, பார்ட் டூ போடுங்க.' 'பெத்தவரைப் பற்றிப் பொதுவில் பேசுகிறாய், வளர்ப்பு அப்படி.' 'எனக்கு அப்பாவே இல்லை, உனக்கு வந்துவிட்டார், திமிரா?' 'ஓவர் ஆக்டிங்.' 'சரி, எங்கதான் போயிருந்தாராம்?' முன்பின் தெரியாத ஒருவன் கேட்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத கேள்வி அவனுக்கு வந்திருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆத்திரத்துக்கு அடியில் எனக்கு ஒரு ஆசையும் இருந்தது. கடப்பாக்கம் முழுக்க அந்த வீடியோ சுற்றும். இனி அவர் மழுப்ப முடியாது. அடித்தாலும் பரவாயில்லை, கத்தினாலும் பரவாயில்லை, எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்!

சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வாளை மீனை ஆய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னாத்துக்குமா அதெல்லாம் ஊர் முன்னால பேசின?" என்றது.

"நீ ஏம்மா கேக்கவே இல்ல? ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "கேட்டா சொல்லிடுவாருல்ல" என்றது. குடலை வழித்துப் போட்டுவிட்டு, "சொல்லிட்டா அப்புறம் நான் எதயாவது செய்யணும். இந்த வயசுல இன்னா செய்யறது?" என்றது.  அம்மா மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

அத்தா சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரிலேயே நின்றேன். 

"இன்னா அர்வா, வீடியோவுலல்லாம் வந்துகினுகீற? கமிட்டில காட்டினாங்கோ. முழுசும் பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லாத்தான் பேசற. கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்தி. அப்புறம் துப்பட்டா தலையில நிக்கவே மாட்டேங்குது, அத மட்டும் பாத்துக்க." சிரித்தார். "அது இன்னா படம்? இவ்ளோ சண்ட போடறீங்கோ. தமிழ்லயே பேசுதாமே?"

அவ்வளவுதான். மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு போனது. அவர் வந்த பிறகு இருவரும் சேர்ந்து போகிற முதல் சினிமா. மத்தியானம் பிடிக்க வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருந்தேன். எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது, அந்த வெட்கக்கேட்டை எப்படிச் சொல்வது? துண்டு கொடுக்கிற இடத்தைப் பார்ப்பார், பக்கத்தில் அம்மா இருக்கும், இருட்டு வேறு. ஒரு மனுஷனுக்கு அந்த இடத்தில் ஏதாவது ஆகாமல் இருக்குமா?

சாயங்காலம் வந்தார்கள். அம்மா நேராகக் கொல்லைப் பக்கம் போய்விட்டது. அத்தா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "படம் சூப்பரு!" என்றார். "உன் ஃப்ரெண்டு, அந்தத் தாடிக்காரன், சும்மா கொற சொல்றான். கடைசில வந்துட்டாம்பா! எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. அந்தப் பொண்ணுதான் சரியில்ல. பெத்தவன் வந்துக்கீறான், மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு நிக்குது. ஒரு சலாம் கெடையாது, ஒண்ணு கெடையாது."

நான் கேட்டுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக. "அவன் எங்க போயிருந்தான்னு காட்டவே இல்லையே, அத்தா?"

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார்.

"அது இன்னாத்துக்கு?" என்றார். "அதக் காட்டினா படம் போரடிக்கும்மா."

பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த வீடியோவுக்குக் கீழ நாமளும் எழுதலாமாமே? எனக்கு டைப் பண்ண வராது. நீயே போடு, சொல்றேன்."

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிற குரலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அடித்தேன். 'நல்ல படம். நல்ல முடிவு. அனைவரும் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம். கிஃபாயத்துல்லா, கடப்பாக்கம்.' அனுப்பிவிட்டுப் போனைக் கொடுத்தேன். கொல்லையில் அம்மா குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சேனலைக் கவனிக்கிற ஜெயப்பிரியா, நல்லபடியாக எழுதுகிற யாருக்கும் பெயரைக்கூடப் பார்க்காமல் ஒரு இதயம் போட்டுவிடுவாள்.

"தோ பாரு, வந்துருச்சு!" என்று அவர் போனை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். அவர் பெயருக்குக் கீழே சின்னதாக, சிவப்பாக, அந்த இதயம் இருந்தது.