நிஷாந்த் கலந்த கிளாஸ்

எங்கள் பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி. தெமோதரையில் எங்கள் வீட்டாரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் இளைய மகன் நிஷாந்துக்குப் பெண் பேசியபோது, அவன் எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் ஆபீஸ் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்தேன். உண்மையில் அவன் அங்கே பாரில் மது கலப்பவன்.

போன ஞாயிறு நமுனுகுலவிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் ரெங்கசாமியின் பேச்சுத்தான் அங்கே முடிவு. சமையல் தயாராக இருந்தது. ஆனால் சம்பந்தம் முடிவாகும்வரை அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உட்கார்ந்ததும் ரெங்கசாமி நிஷாந்திடம், ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டார்.

"ஆபீஸ் இல்லங்க மாமா. பார்ல நிக்கிறேன். குடிக்கக் கலந்து குடுக்கிறதுதான் வேலை."

எனக்குத் தலை நிமிரவில்லை. ரெங்கசாமி அந்த வேலையைச் செய்து காட்டச் சொன்னார். சாப்பாடுதான் ஆகாது, ஒரு வாய் குடித்தால் குற்றமில்லையாம்.

பேச்சு முடிந்தபின் ஆண்களுக்குக் கொடுக்க ஒரு போத்தல் கரும்புச் சாராயம் வாங்கி வைத்திருந்தோம். நிஷாந்த் கை கழுவி வந்தான். புளிப்புத் தேசிக்காயை வெட்டி, நடுவிலிருந்த வெள்ளைத் தண்டை எடுத்தெறிந்தான். துண்டுகளைச் சீனியோடு கிளாசில் போட்டு, மத்தின் அடியால் மெதுவாக நான்கு தரம் அழுத்தினான். தோல் நசுங்கினால் கசக்கும் என்றான். ஐஸைத் துணியில் சுற்றி உடைத்து நிரப்பினான். சாராயத்தை அளந்து ஊற்றிக் கிண்டினான். கிளாசின் வெளிப்புறத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். கீழே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தேயிலை ருசி பார்க்கும் டீமேக்கரிடம் மட்டுமே அப்படியொரு நிதானத்தை நான் கண்டிருக்கிறேன். மகனின் வேலையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நீங்க ருசி பார்க்கலையே தம்பி?"

"நான் குடிக்கிறதில்லைங்க."

"அப்ப சரியா வந்திருக்கான்னு எப்படித் தெரியும்?"

"குடிக்கிறவங்க மூஞ்சியில தெரியும்ங்க மாமா."

ரெங்கசாமி ஒரு வாய் குடித்தார். முகத்தை இறுக்கமாகவே வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பாதி கிளாஸ் காலியானதும், ஆபீஸ் என்று சொல்லியனுப்பியது யார் என்று கேட்டார். நிஷாந்த் வாய் திறக்குமுன் நான் எழுந்தேன்.

"நான்தாங்க. அவனுக்கு அது தெரியாது. அவன் வேலைய அவன் ஒரு நாளும் மறைச்சதில்ல."

பிறர் முன்னால் நான் அப்படிப் பொய்யை ஒப்புக்கொண்டு நின்றதே இல்லை.

"அப்ப என்னங்க?" என்றார் ரெங்கசாமி. "பொண்ணு உங்களையா கட்டப் போகுது?"

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவர் கிளாசை முடித்துவிட்டு இலை போடச் சொன்னார். அன்று நான் பந்தியில் உட்காரவில்லை. எல்லாருக்கும் என் கையால் பரிமாறினேன்.