தலையணை இருக்கும் பக்கம்

டார்கஸ் பீக்கனுக்கு நாற்பத்தைந்தாம் வயதில் கல்யாணம் கூடிவந்தது. பாதிரியார் பார்ஜெட்டரின் பழைய வரைபடம் ஒன்று குறுக்கே வந்து அதைக் கெடுக்கப் பார்த்தது.

"உங்க வீட்டு வாசல் பிளம்ஸ்டோ கோயில் பங்குல, அவங்க எல்லைக்குள்ள இருக்கு. மாப்பிள்ளையும் பிளம்ஸ்டோக்காரர். ரெண்டு பேர்ல ஒருத்தராவது நம்ம பங்கா இருந்தாத்தானே, நம்ம ஓட்மியர் கோயில்ல நான் மூணு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சுக் கட்டிவைக்க முடியும்?" என்றார். வந்து ஐந்து மாதம் ஆகவில்லை, அதற்குள் சட்டம் பேசுகிறார் மனுஷன்!

ஓட்மியர் கோபுரத்து ஆறு மணிகளில் மூன்றாவதின் கயிறு இருபத்திரண்டு வருஷமாக டார்கஸின் கையில். ஊரில் நடந்த கல்யாணம் ஒன்றுவிடாமல் அவள் இழுத்திருக்கிறாள். பிளம்ஸ்டோவில் இருப்பதோ ஒற்றை மணி, அதுவும் விரிசல் விட்டது. அடித்தால் ஓட்டைச் சட்டியைத் தட்டின மாதிரி இருக்கும்.

"அந்தச் சத்தத்துல கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு இப்படியே இருந்துட்டுப் போறேன்," என்று மாப்பிள்ளை ஆம்புரோஸிடம் அழுதாள்.

வேலி கட்டிப் பிழைக்கும் ஆம்புரோஸ் தொப்பியைக் கசக்கினான். "என் தலையெழுத்து! பொண்ணு சம்மதிச்சும் மணி சம்மதிக்கலயே."

அடுத்த திங்கட்கிழமை எல்லை சுற்றும் நாள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கழியும் கையுமாகக் கிளம்பி, பங்கின் எல்லைக் கற்களைத் தட்டிக்கொண்டே போகும். குளமோ முள்ளோ, எல்லைக்கோட்டைவிட்டு விலகக் கூடாது. டார்கஸின் வீடு அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தது.

"கதவு வழியா வாங்களேன் ஐயா," என்றாள்.

"கோடு ஜன்னல் வழியாத்தான் போகுது," என்று பாதிரியார் ஜன்னலில் ஏறினார். ஏறினவர் இடுப்போடு மாட்டிக்கொண்டார்.

"மூச்சை உள்ள இழுங்க ஐயா! போன தடவை இருந்தவர் ஒல்லி," என்று பின்னாலிருந்து நெட்டித் தள்ளினார் ஜெத்ரோ. கோயில் காரியமெல்லாம் பார்க்கிற பெரியவர். பாதிரியார் சேற்றுப் பூட்ஸோடு டார்கஸின் கட்டிலில் போய் விழுந்தார்.

ஜெத்ரோ பின்னாலேயே ஏறி வந்து, ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் வரை சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுத்தார். கோடு கட்டிலின் நட்டநடுவே குறுக்காகப் போனது.

"கால் நம்ம ஊரு, தலை பிளம்ஸ்டோ!" என்று ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. டார்கஸுக்கு அவமானத்தில் காதெல்லாம் சிவந்தது.

பாதிரியார் எழுந்து விரலை உயர்த்தினார். "வாசலை வச்சுச் சொன்னது என் தப்புதான். வீடு ரெண்டு பங்குல கிடந்தா, தலை வச்சுப் படுக்கிற பக்கம்தான் கணக்குன்னு பழைய சட்டம். தலையணை அந்தப் பக்கம் கிடக்கு. ஆக, நீங்க பிளம்ஸ்டோதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா. ஜெத்ரோவுக்குக் காது மந்தம்," என்றாள் டார்கஸ்.

"தலை வச்சுப் படுக்கிற பக்கம்!" என்று கத்தினார் பாதிரியார்.

டார்கஸ் தலையணையை எடுத்துக் கட்டிலின் மறுகோடியில் பொத்தென்று போட்டாள். "இன்னையிலேர்ந்து இங்கதான் படுப்பேன்."

பாதிரியார் தலையணையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், படுக்கையில் தன் பூட்ஸ் அப்பியிருந்த சேற்றையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பதினஞ்சு நாள் ஒழுங்காப் படுங்கம்மா. அப்புறம் ஓலை வாசிக்கிறேன்."

அந்தக் கோடியில் சுவர் விரிசல் வழியே குளிர்காற்று வீசும். இரண்டாம் வாரமே டார்கஸுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"தலையணையைத் திருப்பித் தொலையேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் ஆம்புரோஸ்.

"எனக்குத் தெரியும்ல?"

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்தன்று பிளம்ஸ்டோவிலிருந்து ஒருத்தனை மூன்றாவது கயிற்றுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மோதிரம் மாற்றி முடித்து, அரிசி தூவ ஊரே வாசலில் காத்திருக்க, டார்கஸ் நேரே கோபுரத்தடிக்குத் திரும்பினாள். "தள்ளுப்பா, அது என் மணி," என்று பாவாடையைச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

"பொண்ணு வெளிய வரணுமே!" என்று பதறினார் பாதிரியார்.

"வருவா ஐயா. அடிச்சு முடிச்சுட்டுத்தான் வருவா," என்றான் ஆம்புரோஸ்.

ஆறு மணியும் சேர்ந்து முழங்கின. பிடித்த கழுத்து இன்னும் விடவில்லை. கண்ணீரைத் தோளில் துடைக்கக்கூட அவளால் திரும்ப முடியவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டு, தன் கல்யாணத்துக்குத் தானே மணியடித்தாள்.