முறிசல்

கிண்ணத்தின் விளிம்பில் மூன்றாவது முறையாகக் கரண்டியைத் தட்டினான் எக்கார்ட். உருளைக்கிழங்கு சூப்பின் மேல் ஆடை படிந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா ஹைட்ரூன் நிமிரவில்லை. மடியில் ஒரு பலகை, அதன் மேல் அச்சகத்துக்குப் போகவேண்டிய திருத்தத் தாள்கள். கையில் சிவப்புப் பென்சில். அதைப் பிடிக்கும் விரல்களும் பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தன.

"ஆறிப் போச்சு."

"இன்னும் பதினோரு பக்கம்டா."

"நேத்தும் பதினோரு பக்கம்னுதான் சொன்ன."

"அது வேற பதினோரு பக்கம்."

காலையில் வந்துபோன நர்ஸ், வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே அவனிடம் சொல்லியிருந்தாள்: இன்று, மிஞ்சிப்போனால் நாளை. அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தவன் சூப்பைச் சுடவைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஹைட்ரூனுக்கு அறுபத்தெட்டு வயது. இருபது வயதில் படிக்கவென்று வில்னியுஸ் நகரத்துக்குப் போனவள் லிதுவேனிய மொழியோடு திரும்பி வந்தாள். இருபத்து மூன்று நாவல்களை அதிலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தாள். சொந்தமாக எழுதியது இரண்டு. முதல் நாவலில் பன்றிகளை அடிக்கும் ஒரு மனிதன் வந்தான். அது தன்னைப் பற்றித்தான் என்று அப்பா ஆறு வருடம் அவளோடு பேசவில்லை. இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை. மொழிபெயர்ப்புகளின் அட்டையில் அவள் பெயர் இருக்காது. உள்ளே இரண்டாம் தாளில் எறும்பு மாதிரி ஓரத்தில் கிடக்கும். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் எக்கார்ட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தேடுவான். நாற்பது வருடமாக அவன் கொத்து வேலை செய்கிறான். அவன் கட்டிய சுவரைத் தெருவில் போகிற நாய்கூடப் பார்க்கும்.

"ஹைடி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"திங்கக்கிழமையே கேட்டுட்டியே."

"நீ பதில் சொல்லலையே. உன்னப் புதைக்கறது அம்மா அப்பா பக்கத்துலயா, இல்ல காட்டுல மரத்தடியிலயா? நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

"இந்தப் பக்கத்த முடிச்சுட்டுச் சொல்றேன்."

அவன் எழுந்து ஜன்னலைத் திறந்தான், மூடினான். மறுபடி உட்கார்ந்தான். பென்சில் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் முகத்தில் அந்தப் பழைய ஆர்வம். அவனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

"எக்கி, உன் வேலைல ஒரு சந்தேகம்."

முப்பது வருடமாக இதேதான். சாரத்தின் மேல் நிற்கும்போது போன் வரும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வருகிற கட்டைக்கு என்ன பேர், சாந்து இறுகாமல் போனால் என்ன சொல்வீர்கள் என்று கேட்பாள். ஒரு கையில் சாந்துக் கரண்டியோடு திட்டிக்கொண்டே பதில் சொல்வான். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

"வீட்டுக்காரன் பாதி சுவர் கட்டிட்டுப் போர்ல செத்துடறான். அவன் பொண்டாட்டி தினமும் காலைல அந்தச் சுவரோட முனையப் பாக்கறா. ஒரு கல்லு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, அடுத்தது உள்ள இருக்கு, மறுபடி வெளிய. லிதுவேனியாக்காரன் அதுக்கு ஒரே வார்த்தை வச்சிருக்கான். நீங்க என்ன சொல்வீங்க?"

அவனுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்ட விஷயம் அது. வாயைத் திறந்தால் வந்துவிடும்.

"எங்க புதைக்கணும்னு கேட்டா பதில் இல்ல. செத்துப்போன எவனோ கட்டுன சுவருக்குப் பேர் வேணுமா உனக்கு?"

"சொல்லேன்டா."

"முறிசல்."

"என்னது?"

"முறிசல். அப்படித்தான் சொல்லுவோம்."

அப்படி ஒரு சொல்லே கிடையாது. கோபத்தில் வாயில் வந்தது. ஹைட்ரூன் அதை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரமாகச் சிரிக்காதவள் சிரித்தாள்.

"முறிசல்! இவ்வளவு நாள் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இத? நிச்சயமா இதானே?"

"நாப்பது வருஷமா சுவர் கட்டுறேன். எனக்குத் தெரியாதா?"

தாளில் இருந்த பழைய சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் அதை எழுதினாள். எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினாள். மீதிப் பக்கங்கள் வேகமாகப் புரண்டன. கடைசித் தாளின் அடியில் இரண்டு வரி சேர்த்தாள். "போட்டோ புடிச்சுப் பதிப்பகத்துக்கு அனுப்பிடு" என்று போனை நீட்டினாள். அவன் கண்ணாடிகூடப் போடாமல், ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து அனுப்பினான். சீக்கிரம் தொலைந்தால் போதும் என்றிருந்தது.

"அனுப்பியாச்சு. இப்பவாச்சும் சொல்லு."

"கொஞ்சம் தூங்கிட்டு வரேன்டா. எழுந்ததும் மொத வேல அதான்."

அவன் சூப்பை மறுபடி சுடவைக்கப் போனான். அடுப்பருகில் நின்று, போய்ச் சரியான சொல்லைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம், இன்னொரு படம் எடுத்து அனுப்பினால் ஆயிற்று. நாலு மணிக்குக் கிண்ணத்தோடு திரும்பியபோது அவள் மூச்சு நின்றிருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சொல்லிட்டுத் தூங்கியிருக்கலாம்ல?" என்றான் சத்தமாக.

வேலை முடிந்து வந்த அவன் மனைவி மார்லீஸ்தான் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அக்காவின் போனை எடுத்துப் பார்த்தான். பதிப்பகத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது: கிடைத்தது, அருமை, இன்று மாலையே அச்சகத்துக்குப் போகிறது. பதில் எழுதலாமென்று விரலை வைத்தான். அக்காவின் பெயரில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் எடுத்துவிட்டான். மறுநாள் பதிப்பகத்துக்குப் போன் செய்து, அவள் இறந்த செய்தியை மட்டும் சொன்னான். எதிர்முனையில் அழுகை கேட்டது. அந்த அழுகைக்கு நடுவில் சுவரைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

நாலு வாரம் கழித்துச் சாம்பல் கலசத்தைப் புதைத்தார்கள். அம்மா அப்பா பக்கத்தில்தான். ஆறு வருடம் பேசாத அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் மண் இருந்தது. குழிக்குள் ஒரு கை மண்ணைப் போடும்போதும், இதைத்தான் அவள் கேட்டிருப்பாளா என்று எக்கார்டுக்குத் தெரியவில்லை. மழை தூறியது. பதினைந்து பேர் வந்திருந்தார்கள்.

பிறகு ஊர் விடுதியில் காபியும் சர்க்கரைக் கேக்கும். பெர்லினிலிருந்து ரயிலில் வந்திருந்த ஃபோல்பிரெஷ்ட் என்ற பெண் எக்கார்டின் எதிரில் உட்கார்ந்தாள். ஹைட்ரூனின் புத்தகங்களைப் பதிப்பகத்தில் பார்த்துக்கொண்டவள். போனில் அழுதவளும் அவள்தான். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"முதல் பிரதி சார். நேத்துதான் வந்தது. கடைசிப் பக்கத்தப் பாருங்க."

எக்கார்ட் கண்ணாடியை மாட்டினான். 'சுவர்களின் சொற்கள் அனைத்தையும் எனக்குத் தந்த என் தம்பி, கொத்தனார் எக்கார்ட் ரீமனுக்கு நன்றி.' அவன் தாளைத் திருப்பினான். மறுபடி அதே பக்கத்துக்கு வந்தான்.

"எப்ப எழுதினா இத?"

"நீங்க போட்டோ எடுத்து அனுப்பினீங்களே, அதுலதான் இருந்தது." அவள் முன்னால் சாய்ந்தாள். "சார், அந்த முறிசல்! ஆபீஸ்ல எல்லாரும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. அந்த விதவையோட மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு வார்த்தைல வந்துடுச்சு."

"அது தப்பு."

"புரியல."

"அப்படி ஒரு வார்த்தை கிடையாது. நான் பொய் சொன்னேன்."

பக்கத்தில் மார்லீஸ் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"எக்கி, இப்ப எதுக்கு இது?"

"நீ சும்மா இரு. மேடம், அதுக்குப் பல்லுன்னு பேர். சுவருக்குப் பல்லு விடறதுன்னு சொல்லுவோம். நாட்டுல இருக்கிற எந்தக் கொத்தனாரை வேணா கேளுங்க. மாத்துங்க அத."

"அச்சாயிடுச்சே சார்."

"அச்சானா என்ன? தப்பாக் கட்டினா நான் இடிச்சுட்டுக் கட்டுவேன்."

"இரண்டாம் பதிப்பு வந்தா..."

"வருமா?"

அவள் முள்கரண்டியால் கேக்கின் ஓரத்தை உதிர்த்தாள். லிதுவேனிய நாவலுக்கு ஜெர்மனியில் இரண்டாம் பதிப்பு வந்த கதை அவளுக்கே நினைவில் இல்லை போலிருந்தது.

"உண்மையச் சொல்லட்டுமா? பல்லுன்னு போட்டா படிக்கறவங்களுக்குச் சிரிப்பு வந்துடும். முறிசல்தான் அழகா இருக்கு. யாருக்கும் தெரியப் போறதில்ல சார். அவங்களுக்கும் அது அவ்வளவு பிடிச்சிருந்ததே. ஓரத்துல எவ்வளவு கவனமா எழுதியிருந்தாங்க, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றான் எக்கார்ட்.

அடுத்த மேசையில் யாரோ இன்னொரு சுற்று மதுவுக்குக் குரல் கொடுத்தார்கள். ஹைட்ரூனின் பள்ளித் தோழி ஒருத்தி, வகுப்பில் அவள் செய்த குறும்பைச் சொல்லிச் சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். மார்லீஸ் கேக் துண்டை எக்கார்டின் தட்டில் வைத்தாள். "சாப்பிடு. அவ எத்தனையோ புத்தகம் பண்ணியிருக்கா. இது ஒரு வார்த்தை" என்றாள் மெதுவாக.

"என்கிட்டதான கேட்டா?"

எக்கார்ட் தட்டைத் தள்ளிவிட்டு, மடித்து வைத்திருந்த காகிதக் கைத்துண்டை விரித்தான். ஃபோல்பிரெஷ்டின் முன்னால் கிடந்த பேனாவைக் கேட்காமலே எடுத்தான்.

"இங்க பாருங்க. இது முடிஞ்ச சுவர் இல்ல. உடைஞ்சதும் இல்ல." தடித்த விரல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்தன. "இந்தக் கல்லு வெளிய. இது உள்ள. மறுபடி வெளிய. இப்படி விட்டுட்டுப் போவோம். அடுத்த வருஷமோ, இருபது வருஷம் கழிச்சோ வேற ஒருத்தன் வருவான். இந்தச் சந்துல அவன் கல்லக் கோத்து மேல கட்டிக்கிட்டுப் போவான். எங்க ஒட்டினதுன்னே தெரியாது. அந்தப் புருஷன் திரும்பி வரணும்னுதான் அப்படி விட்டுட்டுப் போயிருக்கான். முறிசல்னா அவன் கத அதோட முடிஞ்சுடுது. இல்லையா?"

ஃபோல்பிரெஷ்ட் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். கண்டுபிடித்து, ஒருமுறை படித்தாள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மார்லீஸ் காபிக் கூஜாவைக் கொண்டுவந்து, போதும் என்பது போலக் கைத்துண்டின் மேலேயே வைத்தாள். அவன் கூஜாவைத் தூக்கி ஓரமாக வைத்தான். அடியில் பழுப்பு வளையம் ஊறிப் பரவியது. அதன் மேலேயே அடுத்த வரிசையை வரையத் தொடங்கினான். ஈரத்தில் மை கசிந்தது. ஒரு கல் வெளியே, ஒரு கல் உள்ளே. எதிரில் இருந்தவள் தன் கேக் தட்டை நகர்த்தி இடம்விட்டாள்.