குட்டை இல்லாத வரைபடம்

புதிய தாமிரச் சுரங்கத்தின் வரைபடத்தில், ஓடைக்கு மேலே நீலமாக ஒரு பெரிய குட்டை வரைந்திருந்தார்கள். தாமிரம் எடுத்தபின் மிஞ்சும் சேற்றைக் கரைகட்டித் தேக்கும் இடம். கரை உடைந்தால் கீழே மூன்று குடியிருப்புகள் சேற்றில் புதையும். திட்டத்தின் நீரியல் பொறியாளர் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னாள்.

"சேத்துல இருக்கிற தண்ணிய பிழிஞ்சு எடுத்துடலாம் சார். காஞ்ச கழிவ அடுக்கிடலாம். தண்ணி திரும்ப ஆலைக்கே வந்துடும்."

திட்டத் தலைவருக்கு 'நாளைக்கே' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கே வேண்டும் என்பார்.

"நம்ம பாறையில களிமண் ஜாஸ்தி. வடிகட்டுற துணி அடைச்சுக்கும். ஏற்கெனவே ஒருத்தர் செஞ்சு பாத்துட்டு கைய விரிச்சிட்டார். வியாழக்கிழமை வரைபடத்துல கையெழுத்து போடணும். அதுக்குள்ள பேசாம, செஞ்சு காட்டுங்க."

அவளுடைய அண்ணி அதே திட்டத்தின் பட்டறையில் பம்பு மெக்கானிக். பரிசோதனைக்கு வைத்திருந்த சிறிய பிழியும் இயந்திரத்தை இருவரும் தூசு தட்டி ஓட்டினார்கள். திங்கட்கிழமை துணி அடைத்தது. செவ்வாய்க்கிழமை குழாய் மூட்டு பிய்த்துக்கொண்டு, சேறு அவள் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"எருமை கூட இவ்வளவு ஆசையா சேத்துல புரளாது," என்றாள் அண்ணி, துண்டை நீட்டியபடி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் சொன்னதுதான் சரியோ அண்ணி?"

அண்ணி துணியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். துணியின் கண்களில் மாவு போன்ற களி அப்பியிருந்தது.

"எடுத்த எடுப்பிலயே முழு வேகத்துல அடிக்கிறோம். பொடிசெல்லாம் முந்திக்கிட்டு ஓட்டைய அடைச்சிடுது. மெதுவா ஆரம்பிச்சா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "மெதுவா மட்டும் இல்ல. முதல்ல பருமணல மட்டும் அனுப்புவோம். அது துணி மேல படுக்கை மாதிரி படியட்டும். களி அப்புறம் வரட்டும்."

புதன்கிழமை காலை பம்பு முனகிக்கொண்டு கிளம்பியது. குழாயில் முதலில் கலங்கலாகச் சொட்டிய நீர், பிறகு தெளிந்து கொட்டத் தொடங்கியது. தட்டுகளைப் பிரித்ததும் சாம்பல்நிறப் பாளம் ஒன்று தொப்பென்று விழுந்தது. அண்ணி அதைக் காலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அடுத்தடுத்து ஆறு முறை ஓட்டினார்கள், ஒருமுறைகூட அடைக்கவில்லை.

மதியம் தலைவர் வந்தார். பாளத்தின் மேல் ஏறி நின்றார். ஒரு குதி குதித்தும் பார்த்தார். காலணித் தடம்கூடச் சரியாகப் பதியவில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, வரைபடத்தை விரித்து, நீலக் குட்டையைக் குறுக்காக அடித்தார்.

அவள் அதோடு விடவில்லை. "மேல்மண்ணையும் வெட்டும்போதே தனியா எடுத்து வைக்கணும் சார். அடுக்குன மேட்டுல பரப்பி மரம் வைக்கலாம்."

"இடம் கொடுத்தா மடத்தப் பிடுங்குறீங்களே," என்றபடி அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

சுரங்கம் திறந்த இரண்டாம் வருடம் பேய்மழை கொட்டியது. மேடு ஒரு கைப்பிடிகூடச் சரியவில்லை. அதைப் பார்க்க வேறு சுரங்கங்களிலிருந்து பொறியாளர்கள் வந்தார்கள். இளங்கன்றுகளுக்கு நடுவே நின்று தலைவர் விளக்கினார்: "ஆரம்பத்துலேருந்தே எனக்கு இதுல சந்தேகமே இருந்ததில்ல."

அண்ணிக்குப் பலமாக இருமல் வந்தது. அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மேட்டின் மறுபக்கம் போய் வயிறு வலிக்கச் சிரித்தாள்.